ஆய்வுச் சுருக்கமும் பாயிர மரபும்: சிகிச்சைச் சோதனை அறிக்கைகள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

தமிழிலக்கண மரபு நூலின் முகப்பில் நிற்கும் உரையைப் பாயிரம் என வழங்கி, அதற்கெனத் தனி விதிகளையும் வகுத்தது. நூல் எத்துணைப் பரந்ததாயினும் பாயிரம் இல்வழி அது நூலெனக் கொள்ளத் தக்கதன்று என்பது பவணந்தி முனிவரின் நன்னூல் தரும் கருத்து. சிறப்புப்பாயிரம் தெரிவிக்க வேண்டியவற்றையும் அந்நூல் எண்ணிட்டுக் கூறுகின்றது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவ்வெட்டு. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பதினொன்று எனக் கொள்வாரும் உளர். இவற்றுடன் இன்னொரு விதியும் உண்டு. சிறப்புப்பாயிரத்தை நூலாசிரியன் தானே செய்தல் மரபன்று. அவனுடைய ஆசிரியன், உடன்கற்றவன், மாணாக்கன், தகுதிவாய்ந்த உரைகாரன் ஆகியோருள் ஒருவனே அதனைச் செய்தல் வேண்டும். தன்னைத் தான் புகழ்தல் தகாது என்னும் கொள்கையே இவ்விதிக்கு அடிப்படையாயிற்று.

இவ்விதிகள் பழைய ஏடுகளோடு முடிந்துபோனவை எனக் கருதுவோர் இன்றைய மருத்துவ சஞ்சிகை ஒன்றைப் புரட்டிப் பார்த்தல் நன்று. அங்கு ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரையின் தலையிலும் இருநூற்றைம்பது அல்லது முந்நூறு சொற்களில் அமைந்த ஆய்வுச் சுருக்கம் ஒன்று காணப்படும். அது எவற்றைச் சொல்ல வேண்டும், எவர் கையால் எழுதப்பட வேண்டும், எவ்வளவுக்குப் புகழலாம் என்னும் மூன்று வினாக்களும் கடந்த நாற்பது ஆண்டுகளாக மருத்துவ உலகில் விவாதத்துக்குரியனவாக இருந்து வருகின்றன. இக்கட்டுரை, இலங்கை மண்ணில் நிகழ்ந்த சில சிகிச்சைச் சோதனைகளின் சுருக்கங்களை மட்டக்களப்பு வாவிக்கரையிற் பணிபுரியும் வைத்தியர் ஒருவரின் தேவையை அளவுகோலாகக் கொண்டு மதிப்பிட முயல்கின்றது.

வாவிக்கரை வாசகர்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தை இரு கூறாக்கிக் கிடக்கின்றது. கடலை அடுத்த கிழக்குப் புறம் எழுவான்கரை எனப்படும். வயலும் காடும் பரந்த மேற்குப் புறம் படுவான்கரை எனப்படும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அத்துறையில் வாவியைக் கடக்கப் படகையே மக்கள் நம்பியிருந்தனர். இவ்வாறான நிலவமைப்பில், சிறிய வைத்தியசாலையொன்றின் கடமையிலிருக்கும் வைத்தியர் நோயாளியை அங்கேயே வைத்துச் சிகிச்சை செய்வதா, நகரிலுள்ள போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதா என்பதைச் சில நிமிடங்களில் தீர்மானிக்க வேண்டியவராகின்றார். அவரிடம் வரும் நோயாளரும் இந்நிலத்தின் வாழ்வோடு இணைந்தவர்கள். பெரும்போக அறுவடையின்போது பாம்பு தீண்டியவர், பீடைநாசினி நஞ்சால் மயங்கியவர், அலரி விதையின் நஞ்சால் இதயத்துடிப்புக் குலைந்தவர் ஆகியோர் இங்கு அரியரல்லர். கிழக்கு மாகாணத்தில் அலரி நஞ்சேற்றம் பற்றி மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையைச் சேர்ந்தோர் 2013இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டமை இப்பிரச்சினை இப்பிரதேசத்துக்குப் புறம்பானதன்று என்பதைக் காட்டும்.

இவ்வைத்தியர் புதிய ஆய்வுகளை எவ்வாறு அறிகின்றார் என்பது நோக்கற்பாலது. பப்மெட் என்னும் மருத்துவ நூற்பட்டியல் 1997 முதல் எவரும் கட்டணமின்றித் தேடக்கூடியதாயிற்று. அங்குச் சுருக்கங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுக் கட்டுரைகளுள் கணிசமானவை கட்டணச் சுவருக்கு அப்பால் உள்ளன. திறந்து கிடப்பவற்றையும் இரவுக் கடமையின் இடையே முழுவதும் வாசித்தல் இயலாது. ஆகவே நூலுக்கு வாயிலாக அமைய வேண்டிய பாயிரமே இங்கு நூலின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. வாயிலோடு நின்றுவிடும் வாசகருக்கு வாயிலிற் சொல்லப்படாதது சொல்லப்படாததே. சுருக்கத்தின் தரம் பற்றிய வினா அச்சுத்துறையின் நடைமுறை வினாவாகத் தோன்றினும், உண்மையில் அது நோயாளியின் படுக்கையருகே எடுக்கப்படும் தீர்மானம் பற்றிய வினாவாகும்.

விதிகள் பிறந்த வரலாறு

மருத்துவ சஞ்சிகைகளின் சுருக்கங்கள் நெடுங்காலம் ஆசிரியரின் விருப்பத்துக்கேற்ப எழுதப்பட்ட ஒரு பந்தியாகவே இருந்தன. 1987இல் மருத்துவ இலக்கியத்தை மதிப்பிடுவதில் ஈடுபட்டிருந்த குழுவொன்று, நோக்கம், அமைப்பு, களம், பங்குபற்றியோர், சிகிச்சை, முடிவுகள் முதலிய தலைப்புகளின்கீழ்ப் பகுத்து எழுதப்படும் சுருக்கத்தை அனல்ஸ் ஒவ் இன்ரேர்னல் மெடிசின் சஞ்சிகை வாயிலாக முன்மொழிந்தது. எழுமாற்றுச் சோதனைகளின் முழு அறிக்கைக்கென 1996இல் கொன்சோர்ட் எனப்படும் விதிக்கோவை வெளிவந்தது. எழுமாற்றுச் சோதனையாவது, எந்நோயாளிக்கு எச்சிகிச்சை என்பதை வைத்தியரின் விருப்பத்துக்கு விடாது, குலுக்கல் போன்ற முறையால் ஒதுக்கி ஒப்பிடுவதாகும். 2008இல் சுருக்கங்களுக்கென்றே தனியான கொன்சோர்ட் விதிகள் வெளியிடப்பட்டன. தலைப்பில் ‘எழுமாற்று’ என அடையாளமிடல், பங்குபற்றியோரும் களமும், ஒப்பிடப்பட்ட சிகிச்சைகள், முதன்மை விளைவு, ஒதுக்கிய முறை, எவர் எதனை அறியாதிருந்தனர் என்பது, ஒவ்வொரு தொகுதியிலும் ஒதுக்கப்பட்டோர் தொகையும் கணிக்கப்பட்டோர் தொகையும், விளைவின் அளவும் அதன் உறுதிப்பாடும், பாதகங்கள், பதிவெண், நிதி வழங்கியோர் என்பன அவை கேட்பவற்றுட் சில.

சோதனைகளைத் தொடங்குமுன்பே பொதுப் பதிவேட்டிற் பதிதல் வேண்டும் என்னும் நிபந்தனையைச் சர்வதேச மருத்துவ சஞ்சிகை ஆசிரியர் குழு 2004இல் அறிவித்து 2005இல் நடைமுறைப்படுத்தியது. இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் இலங்கைச் சிகிச்சைச் சோதனைப் பதிவேட்டைத் தொடங்கியது. 1887 முதல் வெளிவரும் இலங்கை மருத்துவ சஞ்சிகையைக் கொண்ட நாடு, உலகின் புதிய ஒழுங்குக்குள் தாமதமின்றிப் புகுந்தது எனலாம்.

இவ்விதிகள் ஏன் வேண்டப்பட்டன என்பதைச் சில ஆய்வுகள் விளக்கும். 1999இல் வெளியான ஓர் ஆய்வு, புகழ்வாய்ந்த ஆறு மருத்துவ சஞ்சிகைகளின் சுருக்கங்களை உரிய கட்டுரைகளோடு ஒப்பிட்டது. கட்டுரையிலுள்ள எண்ணோடு முரண்படும் எண்ணையோ, கட்டுரையில் இல்லாத செய்தியையோ கொண்ட சுருக்கங்கள் சஞ்சிகைக்கேற்ப 18 முதல் 68 வீதம்வரை காணப்பட்டன. 2010இல் பூட்ரோன் குழுவினர், முதன்மை விளைவில் திட்டமான வேறுபாடு காணப்படாத 72 சோதனை அறிக்கைகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 42 அறிக்கைகளின் சுருக்கங்கள், முடிவுரையிற் சிகிச்சை பயன் தந்தது போன்ற தோற்றத்தை ஏற்படுத்தும் வகையில் எழுதப்பட்டிருந்தன. அதே குழுவினர் 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 300 வைத்திய ஆய்வாளருக்குப் புற்றுநோய்ச் சோதனைச் சுருக்கங்கள் வழங்கப்பட்டன. ஒரு சாராருக்குத் திரிபுள்ளவாறும் மறுசாராருக்குத் திரிபு நீக்கியும் கொடுக்கப்பட்டபோது, திரிபுள்ள சுருக்கத்தை வாசித்தோர் சிகிச்சையின் பயனைப் பத்துக்கு 3.6 எனவும், ஏனையோர் 2.9 எனவும் சராசரியாக மதிப்பிட்டனர். வேறுபாடு பெரிதன்று. ஆயின் வாசித்தோர் பயிற்சி பெற்ற ஆய்வாளர் என்பதும், மாறியது சொற்கள் மட்டுமே என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மூன்று இங்கே தெளிவாக இனங்காணப்படுகின்றன. வேண்டியதைச் சொல்லாது விடுவது குன்றக் கூறல். விளைவை அதன் அளவுக்கு மேல் உயர்த்துவது மிகைபடக் கூறல். சுருக்கம் ஒன்றும் கட்டுரை வேறொன்றும் சொல்வது மாறுகொளக் கூறல். மூன்றாவதைக் கட்டுரையோடு ஒப்பிட்டுத் திருத்திவிடலாம். முதலிரண்டையும் அறிதற்கு நுண்ணிய வாசிப்பு வேண்டும்.

இரு சுருக்கங்கள், இரு முடிவுகள்

அலரி நஞ்சுக்கான சிகிச்சை இவ்வாசிப்புக்குத் தக்க எடுத்துக்காட்டு. 2000இல் லான்செற் சஞ்சிகையில் வெளியான இலங்கைச் சோதனையொன்று, 66 நோயாளரிடத்து ஆராய்ந்து, அலரி நஞ்சால் ஏற்படும் இதயத்துடிப்புக் கோளாற்றைக் குறித்த பிறபொருளெதிரி மருந்து மாற்றுகின்றது எனக் காட்டியது. அம்மருந்தின் விலையோ கிராமப்புற வைத்தியசாலைகளுக்கு எட்டாததாயிற்று. இந்நிலையில், நஞ்சை உறிஞ்சும் மலிவான மருந்துக்கரி பற்றி டி சில்வா குழுவினர் நடத்திய சோதனை 2003இல் அதே சஞ்சிகையில் வெளியானபோது பெரும் நம்பிக்கை பிறந்தது வியப்பன்று.

அச்சுருக்கத்தின் நிறைகள் பல. எல்லா நோயாளருக்கும் முதலில் ஒருமுறை கரி கொடுக்கப்பட்டது என்பதையும், பின்னரே ஒரு தொகுதிக்கு மூன்று நாள் தொடர்ந்து கரியும் மறுதொகுதிக்குப் போலி மருந்தாக நீரும் வழங்கப்பட்டன என்பதையும் அது தெளிவாகச் சொல்கின்றது. முதன்மை விளைவு இறப்பு என முன்கூட்டியே குறிக்கப்பட்டுள்ளது. தொடர்கரி பெற்ற 201 பேரில் ஐவரும் (2.5 வீதம்), போலி மருந்து பெற்ற 200 பேரில் பதினறுவரும் (8 வீதம்) இறந்தனர். வேறுபாடு 5.5 வீதம், அதன் 95 வீத நம்பிக்கை ஆயிடை 0.6 முதல் 10.3 வரை. ‘இறப்பு மூன்றிலொரு பங்கிலும் குறைந்தது’ என்று முழங்குவதற்கு இடமிருந்தும், உண்மையான எண்களையும் ஆயிடையையும் ஆசிரியர் முன்வைத்தமை பாராட்டத்தக்கது.

ஆயிடையின் பொருளை வாசகர் கணித்தறிதல் வேண்டும். வேறுபாடு 5.5 வீதமாயின், ஏறத்தாழப் பதினெட்டுப் பேருக்குச் சிகிச்சையளித்து ஓருயிர் காக்கப்படும். ஆயிடையின் மேலெல்லை உண்மையாயின் பத்துப் பேரே போதும். கீழெல்லை உண்மையாயின் ஏறத்தாழ நூற்றறுபத்தேழு பேர் வேண்டும். இருபத்தொரு இறப்புகளின்மேல் எழுப்பப்பட்ட முடிவு இத்துணை அகன்ற ஐயத்தைத் தன்னுள் கொண்டுள்ளது. ஆனால் சுருக்கத்தின் இறுதிப் பகுதி இவ்வையத்தை ஏந்திக்கொள்ளவில்லை. எல்லா நோயாளருக்கும் இச்சிகிச்சை கருதப்படல் வேண்டும் என அது பரிந்துரைக்கின்றது. எண்கள் தயங்கி நிற்க முடிவுரை விரைந்து நடக்கின்றது. பாதகங்களைப் பொறுத்தவரையில், மருந்து பாதுகாப்பானது என்னும் பொதுக்கூற்றோடு சுருக்கம் அமைந்துவிடுகின்றது. மூச்சுக்குழாயுட் கரி புகுதல் போன்ற அபாயத்தை எதிர்பார்த்திருக்கும் சிற்றூர் வைத்தியருக்கு அது போதாது. இன்னொன்றும் உண்டு. தலைப்பில் ‘ஒற்றை மறைப்பு’ என வருகின்றது. கரியோ கருநிறம், நீரோ நிறமற்றது. இத்தகைய சோதனையில் எவர் எதனை அறியாதிருந்தார் என்பதே வாசகர் முதலில் எழுப்பும் வினா. ‘ஒற்றை’ என்னும் எண் அவ்வினாவுக்கு விடையாகாது. 2008ஆம் ஆண்டு விதிகள் எண்ணைக் கேளாது ஆளைக் கேட்பதற்குக் காரணம் இதுவே. இச்சுருக்கம் அவ்விதிகளுக்கு முன்னர் எழுதப்பட்டது என்பதையும் நடுநிலையோடு குறித்தல் வேண்டும்.

2008இல் எடில்ஸ்டன் குழுவினரின் பெருஞ்சோதனை லான்செற்றில் வெளிவந்தது. இலங்கை வைத்தியசாலைகள் மூன்றில் நஞ்சேற்றத்துக்காக அனுமதிக்கப்பட்ட 4632 பேர் கரியின்மை, ஒருமுறை கரி, ஆறுமுறை கரி என மூன்று தொகுதிகளாக எழுமாற்றாக ஒதுக்கப்பட்டனர். ஆறுமுறை கரி பெற்ற 1531 பேரில் 97 பேரும் (6.3 வீதம்), கரி பெறாத 1554 பேரில் 105 பேரும் (6.8 வீதம்) இறந்தனர். வேறுபாடு காணப்படவில்லை. குறித்த நஞ்சுகளை உட்கொண்டோரைத் தனித்து நோக்கியபோதும் வேறுபாடில்லை என்பதையும் அச்சுருக்கம் சொல்கின்றது. கிராமப்புற ஆசிய பசிபிக் பிரதேசத்தில் ஆறுமுறைக் கரியை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க இயலாது என்பது அதன் முடிவு.

இரு சுருக்கங்களையும் அடுத்தடுத்து வாசிக்கும் படுவான்கரை வைத்தியர் எதனை ஏற்பார்? முடிவுரைகளை மட்டும் வாசிப்பின் ஒன்று ‘கொடு’ என்கின்றது. மற்றது ‘கொடுக்கத் தேவையில்லை’ என்கின்றது. இவற்றுக்கிடையே நின்று தீர்ப்பளிக்க உதவுவன பாயிர உறுப்புகளே. முதற் சோதனை அலரி நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது எல்லா நஞ்சுகளையும் சேர்த்துக்கொண்டது. முதலாவதில் இரு தொகுதியினருக்கும் ஒருமுறை கரி கிடைத்தது. இரண்டாவதில் ஒரு தொகுதிக்குக் கரியே இல்லை. முதலாவதிற் சிகிச்சை மூன்று நாள் நீடித்தது. இரண்டாவதில் ஒரு நாளளவில் முடிந்தது. ஆகவே இரண்டும் ஒரே வினாவுக்குத் தரப்பட்ட இருவேறு விடைகள் அல்ல. பொருள், களம், ஒப்பீடு என்னும் உறுப்புகளை இரு சுருக்கங்களும் குன்றாது தந்தமையாலேயே இதனை அறிய முடிகின்றது. அவை குன்றியிருப்பின், வைத்தியரிடம் எஞ்சுவது முரண்பட்ட இரு கட்டளைகளே. சுருக்கத்தின் நிறைவு எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

புகழாமையின் அறம்

மிகைபடக் கூறலுக்கு இடமிருந்தும் அதனைத் தவிர்த்த சுருக்கமொன்று இலங்கைச் சோதனைகளுள் உண்டு. சேதனப் பொசுபரசுப் பீடைநாசினி நஞ்சுக்குப் பிரலிடொக்சிம் என்னும் மருந்து உலகெங்கும் நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. இம்மருந்தைப் போலி மருந்தோடு ஒப்பிட்ட இலங்கைச் சோதனை 2009இல் பிளொஸ் மெடிசின் சஞ்சிகையில் வெளியாயிற்று. திட்டமிட்ட தொகையை எட்டுமுன் நிறுத்தப்பட்ட அச்சோதனையில் 235 பேர் இருந்தனர். மருந்து பெற்ற 121 பேரில் 30 பேரும் (24.8 வீதம்), போலி மருந்து பெற்ற 114 பேரில் 18 பேரும் (15.8 வீதம்) இறந்தனர். வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய எல்லைக்குள் இருந்தது. ஆனால் நஞ்சால் முடங்கிய நொதியத்தை மருந்து மீளச் செயற்படச் செய்தது என்பது இரத்தப் பரிசோதனையில் ஐயமின்றித் தெரிந்தது.

புகழ விழையும் பேனாவுக்கு இது வாய்ப்பான இடம். ‘மருந்து நொதியத்தை மீட்டது’ எனத் தொடங்கி, இறப்பைப் பின்னொரு வாக்கியத்தில் மறைத்துவிடலாம். அவ்வாறு எழுதப்பட்ட ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருந்திருக்கும். ஆயினும் அச்சுருக்கம் நொதியத்தின் மீட்சியை ஒப்புக்கொண்டு, உயிர்பிழைத்தலில் நன்மைக்குச் சான்று காணப்படவில்லை என்றும், இத்தோல்விக்குக் காரணம் புலப்படவில்லை என்றும் வெளிப்படையாகச் சொல்லி முடிகின்றது. ஆய்வுக்கூட எண் தேறியது, நோயாளி தேறவில்லை என்னும் கசப்பான உண்மையை முகப்பிலேயே வைத்தமை அறிவுநேர்மையின் அடையாளம். வயலை நம்பி வாழும் பிரதேசத்து வைத்தியருக்கு, பயனற்ற ஒன்றைப் பயனுடையதென நம்பாதிருத்தலும் ஒரு சிகிச்சையே.

பாம்புக்கடி பற்றிய 2011ஆம் ஆண்டுச் சோதனை வேறொரு நுணுக்கத்தைக் காட்டுகின்றது. விஷமுறி மருந்து ஏற்றப்படும்போது உண்டாகும் ஒவ்வாமையைத் தடுக்க அதிரினலின், ஐதரோகோட்டிசோன், புரோமெதசீன் ஆகிய மூன்றையும் 1007 நோயாளரிடத்து இலங்கை ஆய்வாளர் இரட்டை மறைப்பு முறையிற் சோதித்தனர். பிளொஸ் மெடிசினில் வெளியான சுருக்கம் 75 வீதமானோருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது என்றும், அதிரினலின் முதல் ஒரு மணி நேரத்திற் கடும் ஒவ்வாமையை 43 வீதத்தாற் குறைத்தது என்றும், ஏனைய இரண்டும் அவ்வாறு குறைக்கவில்லை என்றும், ஐதரோகோட்டிசோனைச் சேர்த்தபோது அதிரினலினின் பயன் அற்றுப்போயிற்று என்றும் கூறுகின்றது. வழக்கத்திலிருந்த மருந்துகள் பயன்தரவில்லை எனத் துணிந்து கூறியமை போற்றத்தக்கது. எனினும் 43 வீதம் என்பது ஒப்பீட்டுக் குறைவு. நூறு நோயாளருள் நாற்பத்துமூவர் காக்கப்பட்டனர் என்பது அதன் பொருளன்று. இவ்விரண்டையும் மயங்கக் கொள்வது எளிது. ஒப்பீட்டு வீதத்தின் அருகே ஒவ்வொரு தொகுதியின் எண்ணும் நிற்பின் அம்மயக்கம் நேராது. 2003ஆம் ஆண்டுக் கரிச் சுருக்கம் செய்தது அதுவே.

விதியும் வாய்மையும்

விதிக்கோவைகளுக்கு எதிராகக் கூறப்படும் ஆட்சேபங்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. முந்நூறு சொற்களுள் பதினேழு உறுப்புகளை அடைப்பின் சுருக்கம் வெறும் பட்டியலாகிவிடும் என்பர் சிலர். எல்லா உறுப்புகளையும் நிரப்பிய பின்னும் பொய் சொல்ல இயலும் என்பர் வேறு சிலர். முதலாவதற்கு மேற்காட்டிய சுருக்கங்களே விடை. எண்களையும் களத்தையும் தந்தும் அவை வாசிக்கத்தக்கனவாகவே உள்ளன. இரண்டாவது ஆட்சேபம் ஆழமானது. பாயிர விதியை முழுவதும் பின்பற்றிய பாயிரங்களுள்ளும் வெற்றுப் புகழுரைகள் உண்டு. விதி வாய்மையைப் பிறப்பிக்காது. ஆனால் வாய்மை தவறியவிடத்தை அது வெளிப்படுத்தும். பாதகம் பற்றிய எண்ணுக்கென ஓரிடம் வகுக்கப்பட்டபின், அவ்விடம் வெறுமையாயிருத்தல் எவர் கண்ணுக்கும் தெரியும்.

விதியை அச்சிடுதல் வேறு, நடைமுறைப்படுத்தல் வேறு. 2012இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, உயர்தர சஞ்சிகைகள் ஐந்தின் 955 சுருக்கங்களை நோக்கியது. விதிகளைப் பின்பற்றுமாறு ஆசிரியர்களைத் தீவிரமாக வற்புறுத்திய சஞ்சிகைகளிலேயே சுருக்கங்களின் தரம் குறிப்பிடத்தக்களவு உயர்ந்தமை கண்டறியப்பட்டது. விதிகளை அவ்வாறு கையாளாத சஞ்சிகைகளில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. இங்கேதான் பாயிரத்தைப் பிறர் செய்யவேண்டும் என்னும் பழைய விதியின் ஞானம் புலனாகின்றது. சுருக்கத்தை எழுதுபவர் ஆய்வை நடத்தியவரே. ஆண்டுக்கணக்கான உழைப்பின் பயன் சிறிதெனத் தானே அறிவிப்பது எவருக்கும் எளிதன்று. அவருக்கு நிதி வழங்கியோரும் அதனை விரும்பார். ஆகவே பழைய மரபில் உடன்கற்றவனும் உரைகாரனும் வகித்த இடத்தைச் சஞ்சிகை ஆசிரியரும் மதிப்பீட்டாளரும் ஏற்றல் வேண்டும். சுருக்கத்தைக் கட்டுரையோடும், கட்டுரையைப் பதிவேட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஓர் அயற்கை இன்றியமையாதது.

கேட்போர் யார்?

பாயிர உறுப்புகளுள் மருத்துவ விதிக்கோவைகளில் வெளிப்படையாக இடம்பெறாத ஒன்று ‘கேட்போர்’. மேற்கூறிய சோதனைகளிற் பங்குபற்றியோர் தமிழும் சிங்களமும் பேசும் நாட்டின் மக்கள். அவர்களின் சம்மதம் அவர்களுக்கு விளங்கும் மொழியிற் கேட்கப்படுகின்றது. முடிவோ ஆங்கிலத்தில் மட்டும் அறிவிக்கப்படுகின்றது. உடலைக் கொடுத்தவர் அறிவைப் பெறாது விடப்படுவது நீதியன்று. மொழித்தடையை இதற்குக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களையும் பெயர்த்தார். 1892இல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியிற் தலைமைப் பங்கு வகித்தார். இலங்கைப் பள்ளிகளிற் கணிதம் பயின்ற மாணவருக்கு எழுமாற்று, நிகழ்தகவு, ஆயிடை என்னும் சொற்கள் புதியன அல்ல. காக்ரேன் அமைப்பின் பொதுமொழிச் சுருக்கங்கள் பல தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளமை இப்பணி இயலும் என்பதற்குச் சான்று.

வேண்டுவது செய்தித்தாள்களிற் காணப்படும் ‘புதிய மருந்து கண்டுபிடிப்பு’ என்னும் வகை எழுத்தன்று. எத்தனை பேர், எங்கே, எதனோடு ஒப்பிட்டு, எத்தனை பேர் தேறினர், எத்தனை பேருக்குத் தீங்கு நேர்ந்தது, எவர் பணம் கொடுத்தனர் என்னும் ஆறு வினாக்களுக்கும் விடைதரும் ஒரு பந்தியே வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் பயிலும் தமிழ் மருத்துவ மாணவர், இலங்கைச் சோதனைகளின் சுருக்கங்களை இவ்வகையில் தமிழாக்கும் பணியைத் தமிழ்ச் சங்கங்களின் துணையோடு மேற்கொள்ளலாம். அவ்வாறு பெயர்ப்போர் ஆய்வோடு உறவற்றவர் ஆதலின், பாயிரம் வேண்டிய அயற்கையும் அவர்களே ஆவர். ‘பாதுகாப்பானது’ என்னும் சொல்லைத் தமிழில் எழுதுமுன் ‘எத்தனை பேரில்?’ என அவர்கள் கேட்க நேரும்; விடை இல்லாதவிடத்து அவ்வின்மையையே எழுத நேரும். மொழிபெயர்ப்பு இவ்வாறு திறனாய்வாக மாறும்போது, வாவியின் இரு கரைகளிலும் உள்ள நோயாளர் தம் வைத்தியரிடம் அதே வினாவைக் கேட்கும் தகுதியைப் பெறுவர்.